மேல் டிவிசனில் உட்கார்ந்தவர்கள்

ரெம்பியாவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி இருக்கும். புலாவ் செபாங்கிலிருந்து விடியலில் கிளம்பி, நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து, பன்னிரண்டு மைல் நடந்திருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர் ஆனந்தராஜா, எங்கள் பதினொரு வயது மகள் ஜெயமணி, என் தம்பி குலம். 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை அது.

என் கணவர் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் கிளார்க். குலம் மலாக்காவில் சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன், வயது இருபத்தாறு. நடந்தே விடுமுறையைக் கழிப்பது என்ற யோசனை அவனுடையதுதான். சீமையில் குடும்பம் குடும்பமாக மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையடிவாரங்களில் நாள்கணக்காக நடக்கிறார்கள் என்று ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, என்னை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"நாங்களும் போவம் அக்கா. சீமையிலை இருக்கிற வடிவு இந்த ஊரிலை இல்லையோ?"

முதல் நாள் ரெம்பியா, இரண்டாம் நாள் செலண்டார், மூன்றாம் நாள் பஸ்ஸில் வீடு. அவ்வளவுதான் திட்டம். வழியில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த தோட்டத்துச் சனம் எங்களை ஒதுங்கி நின்று பார்த்தது. சப்பாத்தும் தொப்பியும் கைத்தடியுமாகப் போன எங்களைப் பார்த்து ஒருத்தி வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். அது எங்கள் பக்கமாகத் துப்பியது போலத்தான் எனக்குப் பட்டது. குலம் தொப்பியைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னான். அவன் அப்படித்தான்.

அன்றிரவு தெரிந்த ஒருவர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார், வீட்டில் தங்கினோம். எங்கள் மூட்டைகளைச் சுமந்து வழிகாட்ட அவர் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார். பெயர் முனியாயி. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள். நாற்பது வயது இருக்கும். முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். காலையில் வாசலில் வந்து நின்று என்னைக் கேட்டாள்.

"செலண்டார்ல என்னங்கம்மா வேலை?"

"வேலை ஒண்டும் இல்லை. லீவுக்குச் சும்மா நடக்கிறம்."

"வேலை இல்லாமயா இம்புட்டு தூரம் நடக்குறீங்க?"

அவள் சிரிக்கவில்லை. மூட்டைகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காலை நேரம் அழகாகத்தான் இருந்தது. வயல் மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. எருமைகள் சேற்றில் கிடந்தன. ஜெயமணி ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வந்தாள். தூரத்தில் நீலமாய் ஒரு குன்று. அதைக் காட்டி, "அதுக்கு அங்காலைதான் செலண்டார்" என்றான் குலம்.

பத்து மணிக்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. முனியாயி கீழ் ரோட்டுக்குத் திரும்பினாள். குலம் நின்றுவிட்டான். தானே வரைந்த வரைபடத்தை விரித்து, குன்றின் மேலாகப் போன மெல்லிய கோட்டில் விரலை வைத்தான்.

"இப்படிப் போனால் மூண்டு மைல் மிச்சம்."

"அது மேல் டிவிசன் ஐயா. யாரும் இல்ல. லயமெல்லாம் இடிஞ்சு போச்சு. கீழ் ரோட்டாலயே போயிருவோம் லா."

"ஆரும் இல்லாட்டி நல்லதுதானே. மேலை நிண்டு பார்த்தால் கடல்வரைக்கும் தெரியும்."

"ஐயா, சொன்னா கேளுங்க."

"எங்களுக்கு வழிகாட்டத்தான் உன்னைக் கூப்பிட்டது. புத்தி சொல்லுறதுக்கு இல்லை."

முனியாயியின் முகம் இறுகியது. என் கணவர் சமாதானமாக ஏதோ சொல்லப் போனார். குலம் விடவில்லை. கூலிகளின் பேய்க்கதைகளைக் கேட்டுச் சுற்றிப் போக அவன் தயாராக இல்லை என்றான், அவள் காது படவே. அந்த நேரத்தில் நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. எனக்கும் மூன்று மைல் மிச்சமாவது பிடித்திருந்தது.

முனியாயி என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"போறதுன்னா போங்க. என்னைக் கொன்னாலும் நான் அங்க வரமாட்டேன். சாமான கீழ் ரோட்டால கொண்டு போயி, அந்தப் பக்கம் அலூரு ஓடையத் தாண்டி நிக்கிறேன். நடந்துகிட்டே போனா ஒண்ணும் இல்ல. உக்காராதீங்க. தண்ணி குடிக்கக்கூட நிக்காதீங்க. அலூரைத் தாண்டுற வரைக்கும் நடங்க."

"உக்கார்ந்தால் பேய் பிடிக்குமோ?" என்று சிரித்தான் குலம்.

"பேய் இல்லீங்க," என்றாள் அவள். "கங்காணி."

திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் ஏறினோம். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. ரப்பர் விலை விழுந்த வருடங்களில் கைவிட்ட தோட்டம் அது. மரங்கள் மட்டும் யாரோ நூல் பிடித்து நட்ட அதே வரிசையில் நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி நீண்ட இருட்டுச் சந்து. உச்சி வெயில் வெளியே கொளுத்தியது, உள்ளே அந்தி நேரம் போல இருந்தது. பட்டைகளில் பழைய வெட்டுத் தழும்புகள் வீங்கிப் போயிருந்தன.

குருவிச் சத்தம் இல்லை.

மேட்டில், கூலிகள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்கள் இரண்டு இடிந்து கிடந்தன. அவற்றின் முன்னால் ஒரு சின்ன மைதானம். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் அது. ஜெயமணியின் குதிகாலில் சப்பாத்து கடித்துத் தோல் உரிந்திருந்தது. "அம்மா, கால் நோகுது" என்று அழ ஆரம்பித்தாள்.

உட்கார்ந்தோம்.

எனக்கு முனியாயி சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையின் காலில் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் நடப்பாள்? சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன். குலம் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

டொக்.

கீழே எங்கோ, மரத்தில் தடியால் தட்டியது போல.

"ரப்பர்க் காய் வெடிக்குது," என்றான் குலம் தொப்பிக்குள்ளிருந்து.

டொக்.

இப்போது கொஞ்சம் கிட்ட. காய் வெடித்தால் கொட்டை இலைகளில் விழுகிற சத்தம் பின்னாலேயே கேட்கும். இதில் எதுவும் விழவில்லை. ஒரு மரத்தை விட்டு அடுத்த மரம், அதை விட்டு அடுத்த மரம் என்று வரிசை பிசகாமல் வந்தது. காற்றே இல்லாத அந்த இடத்தில் மலிவான சுருட்டின் நாற்றம் அடித்தது. அதோடு இன்னொரு வாடை. காய்ச்சல்காரர் படுக்கையிலிருந்து வருமே, அந்தப் புளித்த வேர்வை.

என் கணவர் எழுந்து நின்றார். "ஆர் அது?"



குலம் "ஆ!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். தொப்பி உருண்டது. "ஆர் எனக்கு அடிச்சது? அத்தான், இதென்ன விளையாட்டு?"

என் கணவர் அவனிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். அவர் கையில் தடி இல்லை. குலத்தின் காற்சட்டைக்குக் கீழே, கெண்டைக்காலில், ஒரு சிவப்புக் கோடு மெல்லத் தடித்து எழும்பியது.

அடுத்த அடி என் மகளுக்கு விழுந்தது.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் இல்லை. பிரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அவள் காலில் கோடு விழுந்தது. அவள் அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

என் காதுக்குள், மிக அருகில், ஓர் ஆணின் குரல் சொன்னது:

"நட."

நடந்தோம். எதையும் எடுக்கவில்லை. என் கணவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் வேகம் குறைந்தால் அடி விழுந்தது. அவருடைய சட்டை முதுகில் கிழிந்தது. எனக்கு இரண்டு அடி விழுந்தது. ஓடினால் விழுந்தது, நின்றால் விழுந்தது. ஒரே சீராக நடந்தால் மட்டும் இல்லை. பின்னால் அந்த டொக், டொக் எங்கள் வேகத்துக்கே வந்தது.

அப்புறம்தான் மற்றக் காலடிகள் கேட்டன.

வெறுங்கால்கள். எங்களுக்கு இரு பக்கமும், முன்னாலும். சருகு நசுங்கியது, ஆள் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை முனகியது. என் இடது தோளில் யாரோ உரசிக்கொண்டு வந்தார்கள். அந்த உடம்பின் சூடு அடுப்பின் அருகே நிற்பது போல இருந்தது.

"திரும்பிப் பாராதை," என்றார் என் கணவர் என்னிடம், மூச்சிரைக்க. "கெதியா நட, செசிலியா. அலூர் வந்திடும்."

குலம் எங்களுக்கு நாலைந்து அடி பின்னால் வந்தான். அவன் அழுதுகொண்டு வரவில்லை, கோபத்தில் வந்தான். வாழ்க்கையில் ஒருவரும் அவனை அடித்ததில்லை. எங்கள் அப்பாகூட. அடுத்த அடி விழுந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"ஆரடா நீ? முன்னாலை வாடா!"

"குலம், நட!" என்று கத்தினேன்.

"மாட்டன் அக்கா. என்ன செய்யுதெண்டு பார்ப்பம்." அவன் பாதையின் நடுவில் உட்கார்ந்தான். வேண்டுமென்றே, கைகளைக் கட்டிக்கொண்டு.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சருகுச் சத்தங்களும் நின்றன. எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பது போல இருந்தது.

பிறகு அடி விழத் தொடங்கியது. ஒன்றல்ல. நான் எண்ணவில்லை. நெல் அடிக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

"அக்கா! நில்லுங்கோ! அக்கா!"

நான் நிற்கவில்லை.

இதை இங்கே எழுத எனக்கு எத்தனையோ மாதம் ஆனது. என் கணவர் பிள்ளையைச் சுமந்துகொண்டு தள்ளாடினார். அவர் விழுந்தால் பிள்ளையை நான் தூக்க வேண்டும். நான் திரும்பிப் போனால் அவர் நிற்பார், நின்றால் பிள்ளைக்கு அடி விழும். இதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தேன் என்று பின்னால் பலரிடம் சொன்னேன். உண்மையில் நான் யோசிக்கவே இல்லை. என் கால்கள் நடந்தன, அவ்வளவுதான். தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வளைவுக்குப் பிறகு கூப்பிடவில்லை.

சரிவின் அடியில் அலூர் தெரிந்தது. ஒரு பாய் அகலத்துக்குத்தான் தண்ணீர். அதன் மேல் இரண்டு மரக்கட்டைகள். அக்கரையில் மூட்டைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு முனியாயி நின்றாள்.

"நிக்காதீங்க! தாண்டி வாங்க!" அவள் கையை நீட்டினாள், ஆனால் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

தாண்டினோம். சத்தம் அறுந்தது போல நின்றது. எங்கோ ஒரு குயில் கூவியது. என் கணவர் பிள்ளையோடு புல்லில் சரிந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

குலம் சரிவில் வந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து, ஒரே சீராக, கைகளைத் தொங்கவிட்டபடி. ஒரு காலில் சப்பாத்து இல்லை. முகத்தில் வலியே இல்லை. என் உயிர் திரும்பி வந்தது. "வா, வா" என்று கைகளை நீட்டினேன். அவன் கரை வரைக்கும் வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் அந்த ஒரு பாய் அகலத் தண்ணீர்தான்.

அவன் திரும்பினான். கரையோடு பத்தடி நடந்து, மறுபடி சரிவில் ஏறினான். அவன் நடந்த இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் லாலாங் புல் வரிசையாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

"குலம்!"

முனியாயி என் வாயைப் பொத்தினாள். கை ரப்பர்ப் பால் நாறியது.

"கூப்புடாதீங்கம்மா. அவரு இப்ப பெரட்டுல நிக்கிறாரு."

நான் அவள் கையைக் கடித்தேன். அவள் விடவில்லை. அவன் மரங்களுக்குள் மறையும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஆர் அவன்?" என்று கேட்டார் என் கணவர்.

"மாயாண்டி கங்காணி. பதினாலு வருசத்துக்கு முன்ன மேல் டிவிசன்ல மலேரியா காச்சல். இருவத்தி மூணு பேர ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனான். வண்டி கேட்டோம், குடுக்கல. உக்காந்தவங்கள அடிச்சே எழுப்புனான். எழும்பாதவங்கள விட்டுட்டு வந்தோம். எம் புருசன் அந்த மேட்டுல கெடந்தாரு." அவள் சரிவைக் காட்டவில்லை, கண்ணால்கூடப் பார்க்கவில்லை. "இங்க வரும்போது கங்காணிக்கும் காச்சல் கண்டுருச்சு. அலூருக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டான். தண்ணி கேட்டான். மிச்சம் நாங்க ஒம்பது பேரு. நாந்தான் அவன் கையில இருந்த பெரம்பப் புடுங்குனேன். அவன மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, நடடான்னேன்."

அவள் மூட்டைகளைத் தலைக்கு ஏற்றினாள்.

"அவன் இன்னும் நிக்கலம்மா."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே!" என்று நான் அலறினேன்.

"உக்காராதீங்கன்னு சொன்னேன்," என்றாள் முனியாயி. அவள் பார்வையில் இரக்கம் இல்லை. "நாங்க சொன்னா நீங்க கேக்குறீங்களா?"

போலீசும் தோட்டத்து ஆட்களும் இரண்டு நாள் தேடினார்கள். பகலில் மட்டும். ஒருவரும் உட்காராமல். வியாழக்கிழமை காலை என் கணவரும் இரண்டு பால் வெட்டும் ஆட்களும் அவனைக் கண்டார்கள். நாலு வரிசைக்கு அப்பால், மரங்களுக்கிடையே நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டபடி ஓடினார்கள், எட்டிப் பிடிக்க முடியவில்லை. மதியம் பெரட்டுக் களத்தில் அவன் உடல் கிடைத்தது.

பரிசோதித்த டாக்டர், உயிர் போய் இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமையே, நாங்கள் நடந்த அன்றே, செத்திருக்கிறான். இன்று காலை பார்த்தோம் என்று என் கணவர் சொன்னபோது, டாக்டர் அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சவத்தின் பாதங்களை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு பாதங்களிலும் தோல் இல்லை. எலும்பு வெளுத்துத் தெரிந்தது. டாக்டர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, தாளில் வெயில் தாக்கம் என்று எழுதினார்.

குலத்தை மலாக்காவில், பட்டணத்துக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அந்த இடத்திலிருந்து மேல் டிவிசன் இருபது மைல். அவ்வளவு தூரம் போதும் என்று நினைத்தேன். ஜெயமணியின் காலில் இருந்த கோடு மறைந்துவிட்டது. என் கணவர் வடக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வாரம், எட்டு மாதம் கழித்து, தனியாகக் கல்லறைக்குப் போனேன். காவல்காரர் அப்புசாமி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அன்று கோபமாக இருந்தார்.

"அம்மா, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா சொல்லி வைங்க. இப்படியா போட்டு நடப்பாங்க? ரெண்டு தடவ புல்லு வச்சுட்டேன்."

அவர் காட்டினார். குலத்தின் கல்லறையைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை. புல் இல்லை. செம்மண் சிமெண்டு போல இறுகிப் பளபளத்தது.

"ஆர் நடக்கிறது? நீங்கள் பார்த்தனீங்களோ?"

"யாரையும் பாக்கலங்க. பகல் முழுக்க இங்கதான் இருக்கேன். சத்தம் மட்டும் கேக்கும்."

நான் அந்தப் பாதையைக் கண்ணால் தொடர்ந்தேன். அது குலத்தின் கல்லறையோடு நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறையைச் சுற்றிப் போனது. அதற்கு அடுத்ததையும் சுற்றிப் போனது. அந்த வரிசை முழுக்கப் புல் செத்துப் போயிருந்தது.

வரிசையின் கடைசியில் முந்தின நாள்தான் ஒரு குழந்தையைப் புதைத்திருந்தார்கள். மாலைகள் இன்னும் வாடவில்லை. மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது.

அதைச் சுற்றி, சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள்.